பல்லி இல்லாத இடம்

விசா அலுவலகத்தில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக மேலே பார்த்தேன். குழல்விளக்கு இருக்கிறது, ஏசி இருக்கிறது, மூலையில் ஒரு கேமராகூட இருக்கிறது, பல்லி இல்லை. அப்பாடா. தாய்லாந்தில் இந்தச் சியாங் மாய் ஊரில் பல்லி இல்லாத கூரை ஒன்று இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. என் மனைவி செண்பகவல்லி எதிர்ச்சாரிக் கடைக்குப் போட்டோ எடுக்கப் போயிருக்கிறாள். கொண்டுவந்த போட்டோவில் சிரித்துக்கொண்டிருந்தாளாம், பல் தெரியக் கூடாதாம், செல்லாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நல்ல போட்டோ அது. அறுபதை எட்டப்போகிற ஒருத்தி அப்படிச் சிரித்தால் எந்த நாடாக இருந்தாலும் உள்ளே வாம்மா என்று கதவைத் திறக்க வேண்டாமா. அவளை உர்ரென்று உட்காரவைக்க அந்தப் போட்டோக்காரன் படாதபாடு படுவான், வர நேரமாகும், அதற்குள் நான் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். மடியில் விண்ணப்பம் கிடக்கிறது. நீண்ட நாள் தங்குகிற விசாவுக்கு. மேலே ஒரு பெயர் எழுத வேண்டும், கீழே ‘சார்ந்திருப்பவர்’ என்ற இடத்தில் இன்னொரு பெயர். முகவர் அலுவலகம் எங்களுக்குத் துணையாக அனுப்பியிருக்கும் பிம் என்ற பெண் என் கையில் பென்சிலைக் கொடுத்து, முதலில் இதில் எழுதுங்கள், பேனா அப்புறம் என்று சொல்லிவிட்டுச் சன்னல் பக்கம் போய் நிற்கிறது. மூன்று வழி இருக்கிறது என்று போன வாரமே அந்தப் பிள்ளை விளக்கிவிட்டது. நான் மேலே, அவள் கீழே. இல்லை, அவள் மேலே, நான் கீழே. இல்லை, ஆளுக்கொரு விண்ணப்பம், ஆளுக்கொரு விசா. கீழே இருப்பவர், மேலே இருப்பவர் இருக்கும்வரைதான் இந்த நாட்டில் இருக்கலாமாம். மேலே இருப்பவர் இல்லாமல் போனால், இல்லாமல் போனால் என்று மனதுக்குள் சொல்லும்போதே என் கண் மறுபடியும் கூரைக்குப் போகிறது. ஒன்றுமில்லை, கேமராதான்.

வீட்டில் இந்தப் பேச்சை எடுக்கவே முடியவில்லை. வீடு நிறையப் பல்லி. சமையலறையில் ஒன்று, குளியலறையில் ஒன்று, கூடத்து விளக்கைச் சுற்றி ஒரு குடும்பமே குடியிருக்கிறது. போதாததற்கு வெளியே மாமரத்தில் ஒரு பெரியது, உடம்பெல்லாம் புள்ளி போட்டது, தெருவே அதிரும்படி கத்தும். செண்பகவல்லி கோவில்பட்டிக்காரி. ஒருவர் ஒன்றைச் சொல்லி உடனே பல்லி கத்தினால் சொன்னது நடக்கும், இதில் அவளுக்கு விட்டுக்கொடுத்தலே கிடையாது. “அதுக்கு நல்லது கெட்டது தெரியுமா? எதச் சொன்னாலும் ஆமாம்பாங்கும். நாமதாம் பாத்துப் பேசணும்” என்பாள். மஸ்கட்டில் கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலையில் காலமெல்லாம் வேலை பார்த்தவன் நான், வேலாயுதம், மேற்பார்வையாளர், எத்தனையோ பம்புகளை அடக்கியவன், பல்லிக்குப் பயப்படுகிற ஆளா? ஆமாம், அந்த ஆள்தான். முதல் தடவை மெதுவாக ஆரம்பித்தேன். “ஏ செம்பகம், ஒருவேளை எனக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டுன்னா” என்று சொல்லி வாயை மூடவில்லை, அலமாரிக்குப் பின்னாலிருந்து ச்சு ச்சு ச்சு. அவள் கையிலிருந்த தோசைக்கரண்டியால் மேடையைத் தட்டி, “வாயக் கழுவுங்க மொதல்ல” என்றாள். போய்க் கழுவினேன். இன்னொரு நாள் சுற்றி வளைத்து, மனுசன் பிறப்பு, காலம், கணக்கு என்று தத்துவமாகப் போனேன். மாமரத்துப் பெரியது ஆரம்பித்துவிட்டது. அதற்குக் கரண்டித் தட்டு போதாது, அவள் சாமி படத்துக்கு முன்னால் போய் நின்று திருநீறு கொண்டுவந்து என் நெற்றியில் அப்பினாள். கோபத்தில் அப்பிய திருநீறு கண்ணிலும் விழுந்தது. அதற்கப்புறம் நான் இந்தப் பேச்சை எடுக்கவில்லை. பல்லி இல்லாத இடமாகப் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன், தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு இதோ கடைசி நாளில் வந்து நிற்கிறது.

கீழே இருப்பவர் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா. மஸ்கட்டில் இருந்தவரை அவள் என் விசாவில்தான் இருந்தாள். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அவளே அப்படித்தான் சொல்வாள், நான் அவுக விசாவுல இருக்கேன் என்று, ஏதோ என் வீட்டு மாடியில் குடியிருப்பதைப்போல. அவள் கார் ஓட்டப் பழக வேண்டும் என்றால் நான் ஒரு கடிதம் கொடுக்க வேண்டும், என் மனைவி கார் ஓட்டுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று. தையல் வகுப்பில் சேர ஒன்று கேட்டார்கள். எதற்கெடுத்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை, எனக்கு ஆட்சேபணை இல்லை. நான் ஆட்சேபித்தால் இவள் கேட்கிற ஆள் என்று அந்த ஊரே நம்பிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் சோதனையில் முதல் தடவை தோற்றாள், இரண்டாம் தடவை தோற்றாள், அதற்கப்புறம் எத்தனை தடவை என்று நான் கேட்பதை விட்டுவிட்டேன், ஒரு மத்தியானம் ஆலை வாசலில் ஹாரன் சத்தம், பார்த்தால் வண்டிக்குள் இவள், பக்கத்து இருக்கையில் எனக்குச் சாப்பாடு. “ஏறுங்க, ஒரு சுத்து போயிட்டு வருவோம்” என்றாள். என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக நான் எந்த வண்டியிலும் உட்கார்ந்ததில்லை. பயமும் இருந்தது, அது வேறு விஷயம். ஆனால் சந்திரமோகன் வீட்டைப் பார்த்த பிறகு அந்த ‘அவுக விசா’ என்ற பேச்சு வீட்டில் நின்றுபோனது. சந்திரமோகன் எங்கள் ஆலையில் மின்பிரிவு. ஒரு நோய் நொடி கிடையாது. காலையில் வேலைக்கு வந்தவன் சாயங்காலம் இல்லை. அழுது முடிக்கிறதற்குள் லீலாவதிக்குத் தாக்கல் வந்துவிட்டது, புருஷன் போனதும் விசாவும் போனது, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டும். பள்ளிக்கூடத்தில் பரீட்சைகூட முடியவில்லை. விசாவை ரத்து செய்கிற வரிசையில் லீலாவதியோடு செண்பகவல்லிதான் போய் நின்றாள். திரும்பி வந்தவள் அன்றைக்குச் சாப்பிடவில்லை. லீலாவதி தூக்கிக்கொண்டு போக முடியாமல் எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போன கிரைண்டர் இன்றைக்கும் எங்களிடம்தான் இருக்கிறது. மஸ்கட்டை விட்டுக் கிளம்பும்போது சாமானை எல்லாம் கொடுத்தாள், விற்றாள், அந்தக் கிரைண்டரை மட்டும் விடவில்லை. ஒவ்வொரு வாரமும் அது கடகடவென்று ஓடும்போது எனக்கு லீலாவதி முகம்தான். அவளுக்கும் அப்படித்தானா என்று நான் கேட்டதில்லை. வீட்டில் எதைத்தான் கேட்க முடிகிறது.

இங்கே வந்தது சும்மா சுற்றிப் பார்க்கத்தான். வேலை முடிந்தது, மஸ்கட் போதும் என்று சொல்லிவிட்டது, ஊருக்குப் போகிறதற்கு முன்னால் ஒரு மாதம் குளிர்ச்சியாக எங்காவது இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தோம். நான் ஓட்டல் அறையில் உட்கார்ந்து இந்த ஊரில் இட்லி கிடைக்குமா என்று செல்போனில் தேடிக்கொண்டிருந்தேன், அவள் காலையில் காய் வாங்கப் போனவள் பத்து வார்த்தையோடு வந்தாள். மறுநாள் இன்னும் கொஞ்சம். கத்திரிக்காய்க்காரியிடம் பேரம் பேசியே ஒரு பாஷையைப் படித்த ஆளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா. நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை. ஒரே சொல்லை ஏற்றிச் சொன்னால் ஒன்று, இறக்கிச் சொன்னால் வேறொன்று, என் காதுக்கு எல்லாம் ஒன்றுதான், அவள் பாட்டுப் பாடுகிற மாதிரி ஏற்றி இறக்கிச் சொல்கிறாள், அந்தப் பெண்கள் கைதட்டிச் சிரிக்கிறார்கள். அந்த ஒரு மாதம் நீண்டு வாடகைக்கு ஒரு வீடும் பிடித்த பிறகு, பக்கத்து வீட்டு மாலியிடம் எழுத்தும் கற்றுக்கொண்டாள். ஸ்கூட்டரில் என்னைப் பின்னால் வைத்துக்கொண்டு போகும்போது கடைப் பலகைகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டே போவாள், சாலையைப் பார் தாயே என்று நான் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்துவேன். அகழி ஓரத்துப் பூங்காவில் விடியக்காலையில் பெரிய பெரிய ஒலிபெருக்கி வைத்துப் பாட்டுப் போட்டு வயதானவர்கள் எல்லாம் உடற்பயிற்சி செய்வார்கள். மாலி கூட்டிக்கொண்டு போனாள். முதல் மாதம் கடைசி வரிசையில் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தவள் இப்போது மேடையில். சுடிதார், வெள்ளைக் காலணி, நெற்றியில் குங்குமம், முன்னால் நூறு பேர் அவள் கையைத் தூக்கினால் தூக்குகிறார்கள், இடுப்பைத் திருப்பினால் திருப்புகிறார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர்ப் புட்டிக்குக் காவல். எல்லாப் பாட்டிலும் ஒரே சொல் வந்துகொண்டே இருக்கும், ஹுவாஜாய், ஹுவாஜாய் என்று, அது என்ன என்று கேட்டதற்கு நெஞ்சு, இருதயம், நம்ம சினிமாப் பாட்டு மாதிரிதான், அது இல்லாம எந்த ஊர்லயும் பாட்டு கிடையாது என்றாள். அங்கே அவளைப் பா செம்பா என்று கூப்பிடுகிறார்கள். பா என்றால் இங்கே பெரியம்மா. மஸ்கட்டில் அவள் மிஸஸ் வேலாயுதம். கோவில்பட்டியில் இன்னார் மகள், அப்புறம் இன்னார் மருமகள், அப்புறம் கதிரேசன் அம்மா. ஒருநாள் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுச் சொன்னாள், “எனக்கு இனிமே எங்கயும் போகாண்டாம். இங்கதாம் எல்லாரும் என்னைய என் பேரச் சொல்லிக் கூப்பிடுதாங்க.” அதைச் சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அந்த முகத்தைப் பார்த்து யாரும் கிளம்பு என்று சொல்லக் கூடாது. அவ்வளவுதான் எனக்கு வேண்டும்.

அவ்வளவுதான் வேண்டும் என்று நினைக்கும்போதே இடது பக்கம் லேசாக. இல்லை, ஒன்றுமில்லை, ஏசி நேராக அடிக்கிறது. சந்தையில் அன்றைக்குத் தலை சுற்றி உட்கார்ந்தபோதும் ஒன்றுமில்லை, வெயில் என்றுதான் சொன்னேன். அப்புறம் முடி வெட்டப் போவதாகச் சொல்லிவிட்டு வாடகைக்கு ஓடுகிற ஒரு சிவப்பு வண்டியைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் படத்தைக் காட்டினார். ஒரு குழாய் கொஞ்சம் சுருங்கியிருக்கிறது, மாத்திரை சாப்பிடுங்கள், நடங்கள், பார்க்கலாம் என்றார். குழாய் சுருங்கினால் என்ன ஆகும் என்று எனக்கா சொல்ல வேண்டும், என் வேலையே அதுதானே. அங்கே என்றால் வால்வை மூடிவிட்டு மாற்றிவிடுவேன். இதை யார் மூடுவது. வெளியே வந்து நடந்து பாதி வழியில்தான் நினைவு வந்தது, தலையில் முடி அப்படியே இருக்கிறது. பார்த்த முதல் கடையில் நுழைந்தால் அது பெண்களுக்கான கடை. நல்ல பிள்ளைகள், சிரித்துக்கொண்டே ஏதோ வெட்டி அனுப்பினார்கள். மாத்திரையைக் கேஸ் மாத்திரை என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரிக் கவரில் எல்லாம் அவர்கள் எழுத்துதான், பொடி எழுத்து, சுழியும் கொக்கியுமாக. அவள் படிப்பாள்தான், ஆனால் படிப்பதெல்லாம் கடைப் பலகை, பெரிய எழுத்து. பொடி எழுத்துக்குக் கண்ணாடி வேண்டும், கண்ணாடியை அவள் தேடி எடுப்பதற்குள் நான் கவரை உள்ளே வைத்துவிடுவேன். அதனால் பயமில்லை. பயம் அது இல்லை. பயம் என்னவென்றால் நான் போய்விட்டால், இந்த வார்த்தையை முழுசாக நினைத்துவிட்டேன், கூரை, இல்லை, சரி, நான் போய்விட்டால் லீலாவதி நின்ற வரிசையில் இவள் நிற்பாள். பூங்கா மேடையில் வேறு யாரோ. கதிரேசன் ராட்டர்டாமிலிருந்து வந்து கூட்டிக்கொண்டு போவான், நல்ல பிள்ளை, தங்கமாக வைத்துக்கொள்வான், கண்ணாடிச் சன்னல் முன்னால் உட்காரவைப்பான், வெளியே மழை பெய்துகொண்டே இருக்கும். அங்கே இவள் மகன் விசாவில் இருப்பாள். மறுபடியும் கீழ் வரி. ஸ்கூட்டர் கிடையாது. கத்திரிக்காய்க்காரி கிடையாது. பா செம்பா என்று கூப்பிட ஒரு ஆள் கிடையாது. அதற்கா இவ்வளவு படித்தாள்.

ஆகவே மேலே அவள் பெயர். இதில் யோசிக்க என்ன இருக்கிறது. யோசிக்க இருப்பது அவள்தான். போன வாரம் பிம் வீட்டுக்கு வந்தபோது நைசாகச் சொல்லிப் பார்த்தேன். “ஒனக்குத்தாம் இந்த ஊர் பாஷை தெரியும், நீயே மேல இரேன்.” உடனே, “என்ன திடீர்னு பட்டாபிஷேகம்?” என்றாள். “ஒங்க பேருலயே கெடக்கட்டும், எப்பவும் அப்படித்தான” என்றாள். நான் காரணம் சொல்ல முடியாமல் பல்லியைப் பார்த்தேன், பல்லி என்னைப் பார்த்தது. அப்புறம் அவளும் பிம்மும் இந்த ஊர் பாஷையில் ஏதோ நீளமாகப் பேசிச் சிரித்துக்கொண்டார்கள், என்னத்தப் பேசுதீங்க என்றதற்கு மாங்காய் என்றாள். மாங்காயைப் பற்றி அவ்வளவு நேரமா. பெண்கள் பேசுவார்கள், போகட்டும். ஆளுக்கொரு விசா என்ற மூன்றாவது வழியை நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பேங்கில் இருப்பதை ரெண்டாகப் பிரிக்க வேண்டுமாம், இன்சூரன்ஸ் தனித்தனியாம், கட்டுக் காகிதம் ரெட்டிப்பாம். பாகப்பிரிவினை மாதிரி இருக்கிறது. புருஷனுக்கு ஒரு கதவு பெண்டாட்டிக்கு ஒரு கதவா, கோர்ட்டில் நிற்கிறவர்கள் அல்லவா அப்படிப் பிரித்து எழுதுவார்கள். வேண்டாம். பென்சிலை எடுத்து மேல் வரியில் செண்பகவல்லி என்று எழுதினேன். கை நன்றாக வந்தது. கீழே, சார்ந்திருப்பவர், வேலாயுதம். எழுதிவிட்டுப் பார்க்கிறேன், பார்க்கப் பார்க்க நன்றாகவே இருக்கிறது. உண்மையும் அதுதானே. இனி நான் முடி வெட்டப் போனால் அவள் ஒரு கடிதம் கொடுக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை என்று. இதை அவளிடம் சொல்லிச் சிரிக்கவைத்து, சிரிக்கும்போதே பேனாவைக் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். காரணம் கேட்டால்? கேட்டால் சொல்லிவிடுகிறேன். பல்லிதான் இல்லையே.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். போட்டோக் கவரை என் கையில் திணித்தாள். “பாருங்க, களவாணிப்பய கணக்கா இருக்கேன்.” பார்த்தேன். உதட்டை இறுக்கி மூடியிருந்தாள், கண் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது. கண்ணுக்குச் சட்டம் எதுவும் இல்லைபோல. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என் மடியை எட்டிப் பார்த்தாள். மேலே தன் பெயர் இருப்பதைப் படித்தாள், கீழே என் பெயரைப் படித்தாள். தலையைத் தூக்கிக் கூரையை இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை பார்த்தாள்.

“இங்கன பல்லி இல்ல. இப்பச் சொல்லுங்க.”

“என்னத்தச் சொல்ல?”

“இத்தன நாளா சொல்ல வாரீகளே, அத.”

வாயைத் திறந்தேன். ஆட்சேபணைக் கடிதம், சிரிப்பு, பேனா, எல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. “ஒனக்குப் பாஷை தெரியும்லா, அதாம்” என்றேன்.

“ஆமா, தெரியும். ஒங்க மாத்திரைக் கவர்ல என்ன எழுதிருக்குன்னு நினைச்சீக?”

“கேஸ்.”

“ஹுவாஜாய்” என்றாள். “தெனம் பாட்டுல வார அதே ஹுவாஜாய்தாம். மாலிகிட்ட நான் மொத மொதல்ல எழுதப் படிச்ச வார்த்தையே அதுதாம்.”

“எப்பப் பாத்த?”

“பொம்பளப் பிள்ளைக கடையில கிராப்பு வெட்டிட்டு வந்தீகல்லா, அன்னைக்கே.”

“பெறவு ஏன் என்கிட்டக் கேக்கல?”

“வீட்டுல எப்படிக் கேக்க?” என்றாள். “பல்லி கெடக்குல்லா.”

நான் அவள் கையைப் பிடித்தேன். இந்த ஊரில் பொது இடத்தில் அப்படிப் பிடிக்கலாமா கூடாதா என்று தெரியாது. “அப்பம் புரிஞ்சு போச்சுல்லா. நீ மேல இரி. ஒன்னைய யாரும் கெளப்பக் கூடாது.”

“இருக்க மாட்டேன். மாத்திரை சாப்பிடுதவுகதாம் மொதல்ல போவாகன்னு யாரு சொன்னா? சந்திரமோகன் அண்ணன் என்ன மாத்திரை சாப்பிட்டாக? நான் முந்திட்டேன்னா ஒங்கள யாரு இங்க வச்சுக்கிடுவா? கதிரு கூட்டிட்டுப் போயி சன்னல் முன்னால உக்கார வச்சிருவான். ஒங்களுக்கு ஒரு டீ போடத் தெரியுமா அங்க? இங்கன்னா மாலி இருக்கா, பூங்காவுல அத்தன பேரும் ஒங்கள பாத்துக்கிடுவாங்க. நான் எல்லார்ட்டயும் சொல்லி வச்சிருக்கேன்.”

நான் முந்திட்டேன்னா. அவள் வாயால் சொல்லிவிட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, கூரையைப் பார்த்தேன், அவளும் பார்த்தாள். ஏசி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பிம்மைக் கூப்பிட்டாள், அந்தப் பிள்ளை வந்து பைக்குள்ளிருந்து ரெண்டு கட்டுக் காகிதத்தை எடுத்தது. எல்லாம் தயாராக, கையெழுத்துப் போடுகிற இடத்தில் எல்லாம் மஞ்சள் துண்டு ஒட்டி. போன வாரத்து மாங்காய் இதுதானா.

“தனித்தனியாவா?” என்றேன். “ஊர்ல கேட்டா சிரிப்பாங்கட்டி.”

“சிரிக்கட்டும். யாரு மேல யாரு கீழன்னு எழுத எனக்குக் கை வராது.”

என் மடியிலிருந்த விண்ணப்பத்தை எடுத்து மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். ஆளுக்கொரு பேனா. அவள் தன் காகிதத்தில் முதல் வரியில் தன் பெயரை எழுதினாள், நான் என்னுடையதில் என் பெயரை எழுதினேன். சார்ந்திருப்பவர் என்ற இடத்தில் யாரும் இல்லை என்று ஒரு கோடு போட வேண்டும் என்று பிம் விரலால் தொட்டுக் காட்டியது. பேனாவை வைத்தேன், எடுத்தேன், மறுபடியும் வைத்தேன். செண்பகவல்லி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், கோட்டை நான் போட்டு முடிக்கும்வரை விடவில்லை.